ஒன்றே முக்கால் வயதுப் பிள்ளையோடு வெளிநாட்டு இடிபாடுகளைப் பார்க்கப் போகலாமா?

மதுரையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். பையனுக்கு ஒன்றே முக்கால் வயது. புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் பழைய கோயில், இடிபாடு, கல்வெட்டு என்றால் உயிர். கையில் ஒன்றரை லட்சம் இருக்கிறது. எகிப்து, கம்போடியா, இலங்கை மூன்றில் எங்கே போகலாம், இரண்டு வயது முடிவதற்குள் போனால் விமான டிக்கெட் மிச்சமாமே, வீட்டில் அம்மா "பிள்ளை கொஞ்சம் வளரட்டும்" என்று நிற்கிறார்களே, என்ன செய்ய? எந்த நாடு என்று கேட்பது போலத்தான் இருக்கிறது. ஆனால் உள்ளே இருக்கிற பயம் வேறு என்று நினைக்கிறேன். இவ்வளவு காசைக் கொட்டிப் போய், வெயிலில் பிள்ளை அழ, ஆளுக்கு ஆள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, எதையும் உருப்படியாகப் பார்க்காமல் அறையிலேயே கிடந்துவிட்டுத் திரும்பிவிடுவோமோ என்பதுதான் அது. அதற்குத்தான் பதில் எழுதுகிறேன்.

நாகமலைப் பக்கம் வரலாறு படித்துவிட்டு, பல வருஷமாக மதுரையிலிருந்து குடும்பங்களை இலங்கைக்கும் கம்போடியாவுக்கும் கூட்டிப் போகிற வேலை பார்க்கிறேன். பிள்ளைகுட்டியோடு வருகிறவர்கள்தான் அதிகம். என் பதில் இதுதான்: போகலாம், இலங்கைக்குப் போங்கள், ஒரே ஊரில் ஆறு ராத்திரி தங்குங்கள், ஜனவரி கடைசிக்கும் மார்ச்சுக்கும் நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். இப்படிப் பயணத்தில் காசு கரைவது நுழைவுச் சீட்டில் இல்லை, ஊர் ஊராக மாறுவதில்தான். பிள்ளைக்குக் காய்ச்சல் வருவதும், புருஷன் பெண்டாட்டிக்குச் சண்டை வருவதும் அதே இடத்தில்தான்.

முதலில் அந்த இரண்டு வயது விஷயம். இரண்டு வயது நிரம்பாத குழந்தைக்கு விமானத்தில் தனி இருக்கை கிடையாது, மடியில்தான். முழுச்சேவை விமானங்களில் பொதுவாகப் பெரியவர் கட்டணத்தில் பத்தில் ஒரு பங்கு போல வாங்குவார்கள், மலிவு விமானங்களில் ஒரு நிலையான தொகை. பறக்கும் நாளில் என்ன வயதோ அதுதான் கணக்கு, டிக்கெட் போட்ட நாள் கணக்கில்லை. போகும்போது ஒன்றே முக்கால், திரும்பும்போது பிறந்தநாள் தாண்டிவிட்டது என்றால் திரும்பும் டிக்கெட்டை இருக்கையோடு எடுக்க வேண்டும். இது எல்லாம் சரி. ஆனால் மதுரை கொழும்பு நேரடி விமானம் ஒரு மணி நேரம்தான். அந்தத் தூரத்துக்கு மிச்சமாகிற தொகைக்காக மழைக்காலத்தில் அவசர அவசரமாகக் கிளம்பாதீர்கள். ஒன்றரையிலிருந்து இரண்டரை வயது வரை, இறக்கினால் தூக்கு, தூக்கினால் இறக்கு என்கிற பருவம். இரண்டு மாதம் தள்ளிப் போனாலும் அது அப்படியேதான் இருக்கும், ஆனால் சீதோஷ்ணம் மாறும், அதுதான் முக்கியம். இலங்கையின் பழைய தலைநகரங்களான அனுராதபுரம், பொலநறுவைப் பக்கம் அக்டோபரிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை மழைக்காலம். ஜூனில் பொசன் பௌர்ணமி வரும்; பௌத்தத்தை இலங்கைக்குக் கொண்டுவந்த மகிந்தர், அனுராதபுரத்துக்குப் பக்கத்து மிகிந்தலைக்கு வந்ததைக் கொண்டாடுகிற நாள், அனுராதபுரமே ஜனத்தில் பிதுங்கும், அந்த வாரம் வேண்டாம்.

எகிப்தைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. மதுரையிலிருந்து விமானம் மாறி மாறிப் போக வேண்டும், பிரமிடுக்கு உள்ளே குனிந்து ஏறுகிற புழுக்கமான சரிவு, வெளியே மணல். பையனுக்கு எட்டு வயதாகட்டும். ரோமுக்கும் இதே பதில்தான், அங்கே சிறு குழந்தைக்கு நிறைய சலுகை உண்டு என்றாலும். ஐரோப்பாவுக்கான ஷெங்கன் விசாவுக்குப் பெரியவருக்கு 90 யூரோ, 6 வயதுக்குக் கீழே கட்டணமே இல்லை. கொலோசியத்தில் 18 வயது வரை இலவசம். ஆனால் பிள்ளைக்குக் கிடைக்கிற இலவசத்தைப் பார்த்து, பெரியவர் இருவருக்கும் ஆகிற செலவை மறந்துவிடக் கூடாது. ஒன்றரை லட்சத்தில் அது நடக்காது.

இலங்கையில் ஹபரணையில் தங்குங்கள், இல்லையென்றால் தம்புள்ளை. கொழும்பு விமானம் இறங்குகிற கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து வண்டியில் நாலு மணி நேரம் பிடிக்கும், வழியில் நிறுத்தி நிறுத்திப் போனால் இன்னும் கூட. அப்புறம் பெட்டியைத் தொட வேண்டாம். அங்கிருந்து சிகிரியா பாறைக்கோட்டை கிட்டத்தில்தான், பொலநறுவை சுமார் 45 கிலோமீட்டர், அனுராதபுரம் 60 போல. காலையில் போய் மத்தியானத் தூக்கத்துக்கு அறைக்கு வந்துவிடலாம். பெரிய ஹோட்டல் தேவையில்லை, மரம் நிற்கிற முற்றமும், கேட்டால் வெந்நீர் வைத்துத் தருகிற வீட்டுக்கார அம்மாவும் இருக்கிற ஹோம்ஸ்டே போதும். காசைப் போட வேண்டியது மின்விசிறியோடு ஏசியும் உள்ள அறையில், தூரமான நாட்களுக்கு வண்டியில். போட வேண்டாத இடம் கைடு, நடன நிகழ்ச்சி, மூலிகைத் தோட்டம், ஜீப் சஃபாரி. மின்னேரியாவில் யானைக் கூட்டம் பார்க்கலாம் என்று டிரைவர் ஆசை காட்டுவார். குலுங்குகிற ஜீப்பில் மூன்று மணி நேரம் இந்த வயதுப் பிள்ளையை வைத்திருக்க முடியாது. ஹபரணை ரோட்டிலேயே சாயங்காலம் யானை நிற்பதுண்டு. நின்றால் வண்டிக்குள்ளிருந்தே பாருங்கள், கீழே இறங்காதீர்கள்.

தொல்லியல் சின்னங்களின் நுழைவுச் சீட்டில், நம்மையும் சேர்த்து சார்க் எனும் தெற்காசியக் கூட்டமைப்பு நாட்டுக்காரர்களுக்கு ஏறக்குறைய பாதிக் கட்டணம். இது பலருக்குத் தெரியாமல் முழுசாகக் கட்டிவிட்டு வருகிறார்கள். பாஸ்போர்ட் அசலைக் கவுண்ட்டரில் காட்ட வேண்டும், செல்போனில் இருக்கிற படத்தைக் காட்டினால் ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆறு வயதுக்குக் கீழே சீட்டு வேண்டாம்.

இனி, பிள்ளைக்கு அங்கே என்ன இருக்கிறது என்பது. நாம் இடிபாட்டுக்குள் நுழைந்ததும் மேலே பார்ப்போம், கோபுரம், தூபி, உச்சி. பிள்ளை தரையைப் பார்க்கும். அனுராதபுரத்தில் பழைய கட்டடங்களின் படிக்கட்டுக்குக் கீழே அரைவட்டமாக ஒரு கல் பதித்திருப்பார்கள், சந்திரவட்டக்கல் என்பார்கள். அதில் வளைவாக யானை, குதிரை, சிங்கம், காளை ஒன்றன் பின் ஒன்றாகப் போகும், உள்வளைவில் அன்னங்கள் அலகில் எதையோ கவ்விக்கொண்டு வரிசையாக நடக்கும். ஒன்றே முக்கால் வயதுக்காரன் குந்தி உட்கார்ந்தால் கண்ணுக்கு நேரே அதுதான். "ஆனை எங்கே, மாடு எங்கே" என்று காட்டச் சொன்னால் இருபது நிமிஷம் ஓடிவிடும், அந்த இருபது நிமிஷத்தில் நீங்கள் ஒருவர் மாற்றி ஒருவர் மேலே போய் அந்தக் கட்டடத்தைப் பார்த்துவிடலாம். மிகச் சிறந்த கல்லுக்குக் கம்பி வேலி போட்டிருக்கிறார்கள், சிறியவை பல வேலியில்லாமல் இருக்கின்றன. தொடவோ ஏறி நிற்கவோ விடாதீர்கள், ஆயிரம் வருஷம் தாண்டிய கல் கால் பட்டுத்தான் தேய்கிறது. பொலநறுவைக்குப் போனதும் அதே கல்லைப் பாருங்கள், காளை இருக்காது. சோழர் ஆட்சிக்குப் பிறகு நந்தியை மிதிக்கக் கூடாதென்று எடுத்துவிட்டார்கள் என்பது பரவலாகச் சொல்கிற காரணம். காளை இல்லை என்பது கண்ணால் பார்க்கிற உண்மை, காரணம் அறிஞர்களின் ஊகம். கைடுகள் இரண்டையும் ஒரே உறுதியோடு சொல்வார்கள்.

ஒரே ஒரு நாள்தான் என்றால் நான் பொலநறுவையைத்தான் சொல்வேன். நிழல் இருக்கிறது, இடம் பெரும்பாலும் சமதரை, சின்னங்கள் கிட்டக் கிட்ட. 1017-இல் ராஜேந்திர சோழன் காலத்தில் இலங்கை முழுசாகச் சோழர் கைக்கு வந்தபோது இதுதான் தலைநகர், சனநாதமங்கலம் என்று பெயர். அந்தக் காலத்துச் சிவன் கோயில் ஒன்று, வானவன்மாதேவி ஈசுவரம், இன்னும் கல்லுக் கல்லாக முழுசாக நிற்கிறது. பலகையில் இரண்டாம் சிவ தேவாலயம் என்று எழுதியிருப்பார்கள். சின்னக் கோயில்தான், சுற்றிலும் புல், தமிழ்க் கல்வெட்டு உண்டு. இவ்வளவு செங்கல் தூபிகளுக்கு நடுவில் தஞ்சாவூர்ப் பக்கத்துக் கோயில் ஒன்று நிற்பதைப் பார்த்ததும் உங்களைப் போன்றவர்கள் அங்கேயே உட்கார்ந்துவிடுவீர்கள், பிள்ளை புல்லில் ஓடட்டும். அங்கிருந்து கல் விகாரை. ஒரே பாறையில் வெட்டிய நாலு சிலைகள், படுத்திருக்கிற புத்தர் மட்டும் சுமார் 14 மீட்டர். முதலாம் பராக்கிரமபாகு செய்வித்தது. பாண்டியர் வாரிசுச் சண்டையில் தலையிட்டு லங்காபுரன் என்கிற தளபதியை நம்ம மதுரைக்குப் படையோடு அனுப்பியவனும் இவனேதான். இடிபாட்டில் ஊர்க் கதை கேட்டால்தான் சுவை என்பவர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்.

அங்கே ஒரு சிக்கல் செருப்பு. விகாரை, தூபி, வட்டதாகே என்கிற வட்டக் கட்டடம், எல்லா இடத்திலும் செருப்பையும் தொப்பியையும் கழற்ற வேண்டும். பத்து மணிக்கு மேல் அந்தக் கருங்கல் தரை எப்படியிருக்கும் என்று சித்திரையில் கோயில் பிராகாரத்தில் ஓடிய மதுரைக்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. தடித்த காலுறை போட்டு நடக்கிறவர்கள் நிறைய, பிள்ளைக்கு இரண்டு ஜோடி எடுத்துப் போங்கள். தொப்பியைக் கழற்றுகிற இடத்தில் வெயில் நேராக மண்டையில் இறங்கும் என்பதால் காலையில் திறந்ததுமே உள்ளே போய், பத்துக்குள் வெளியே வந்துவிட வேண்டும். மறுபடி நாலு மணிக்குப் பராக்கிரம சமுத்திரக் கரைக்குப் போகலாம், ஏரிக் காற்று வரும். இன்னொன்று, புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று போட்டோ எடுக்கக் கூடாது, அந்த ஊர்க்காரர்கள் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்வதில்லை. பையனைச் சிலை மடியில் உட்கார வைப்பது போன்ற ஆசையெல்லாம் வேண்டவே வேண்டாம், வழக்கு வரைக்கும் போகும்.

சிகிரியாவுக்கு இரண்டு பேரும் சேர்ந்து ஏறாதீர்கள். சுமார் 1200 படி, அதில் இரும்புப் படியும் உண்டு, பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு ஏறுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், இறங்கும்போது அவர்கள் கால் நடுங்குவதையும் பார்த்திருக்கிறேன். குளவிக் கூடுகள் இருப்பதால் சத்தம் போடாதீர்கள் என்று வழியில் பலகை வைத்திருக்கிறார்கள், அதை உங்கள் பையனிடம் யார் வாசித்துக் காட்டுவது? திறந்ததும் ஒருவர் ஏறி இறங்கட்டும், மற்றவர் கீழே நீர்த்தோட்டத்தில் இருக்கட்டும், அப்புறம் மாறிக்கொள்ளுங்கள். கீழே இருக்கிறவர் ஏமாந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். ஐந்தாம் நூற்றாண்டில் காசியப்ப மன்னன் அமைத்த அந்தத் தோட்டத்தில் பம்பு எதுவும் கிடையாது, நீர் அழுத்தத்திலேயே ஊற்று பீய்ச்சும், மழைக்காலத்தில் இன்றைக்கும் அது வேலை செய்கிறது. என்னைக் கேட்டால் உச்சியில் இருக்கிற செங்கல் அடித்தளங்களைவிட இதுதான் பெரிய வேலை.

கம்போடியாவை விட்டுவிடச் சொல்லவில்லை, பையனுக்கு மூன்று, நாலு வயதானதும் வைத்துக்கொள்ளுங்கள். அங்கோர் கோயில்களுக்கான சீட்டு ஒரு நாளுக்கு 37 டாலர், மூன்று நாளுக்கு 62, ஏழு நாளுக்கு 72. மூன்று நாள் சீட்டைப் பத்து நாளுக்குள் விட்டு விட்டுப் பயன்படுத்தலாம், பிள்ளையோடு போகிறவர்களுக்கு இது பெரிய வசதி, ஒரு நாள் பார்த்து ஒரு நாள் தூங்கலாம். 12 வயதுக்குக் கீழே இலவசம், பாஸ்போர்ட் காட்ட வேண்டும். ஆனால் அங்கோர் வாட்டின் உச்சி அடுக்குக்கு 12 வயதுக்குக் கீழே அனுமதி கிடையாது, அங்கேயும் முறை போட்டுத்தான் ஏற வேண்டும். கீழே சுற்றுப் பிராகாரத்தில் கூரையும் நிழலும் உண்டு, பாற்கடல் கடைகிற சிற்பம் மட்டும் 49 மீட்டர் நீளம், பாம்பைப் பிடித்து இழுக்கிறவர்கள் பிள்ளைகளுக்கு உடனே புரிந்துவிடுவார்கள். அங்கோர் தோமில் யானை மேடை. விடியற்காலையில் சூரியனைப் பார்க்கக் கூடுகிற கூட்டம் ஏழரைக்குச் சாப்பிடப் போய்விடும், அந்த நேரத்தில் உள்ளே போங்கள். புது விமான நிலையம், அங்கோருக்குப் போகிறவர்கள் தங்குகிற சியம் ரீப் ஊரிலிருந்து நாற்பது கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது, அந்த வண்டிச் செலவைக் கணக்கில் சேருங்கள். இப்போதைக்கு ஒன்றரை லட்சத்தில் மூன்று பேர் அங்கே போவது இழுபறிதான்.

தள்ளுவண்டி விமான நிலையத்துக்கு மட்டும் உதவும். மணலிலும் கல் படியிலும் அதைத் தூக்கிக்கொண்டு பிள்ளையையும் தூக்க வேண்டியிருக்கும். இடுப்புப் பட்டை உள்ள நல்ல கேரியர் ஒன்று வாங்குங்கள், இந்தப் பயணத்துக்காக வாங்குகிற பொருள் அது ஒன்று போதும். டயப்பரை மூட்டை கட்ட வேண்டாம், இலங்கை சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்கும். சாப்பாட்டுக் கவலை இலங்கையில் கிடையாது, இடியாப்பமும் உறைப்பில்லாத தேங்காய்ப்பால் சொதியும் எந்த ஊரிலும் காலையில் கிடைக்கும், எருமைத் தயிர் இருக்கிறது, வாழைப்பழம் இருக்கிறது. சத்துமாவு கொஞ்சமும் சின்ன எலக்ட்ரிக் கெட்டிலும் எடுத்துப் போனால் நடுராத்திரிப் பசிக்கு ஆச்சு. விமானம் இறங்கும்போது பாலோ தண்ணீரோ சப்பக் கொடுங்கள், காது அடைக்காது.

உடம்பு விஷயத்தில் நான் டாக்டர் இல்லை. எந்த மருந்து, எவ்வளவு, எந்தக் கொசு மருந்து தோலில் தடவலாம் என்பதையெல்லாம் உங்கள் குழந்தை டாக்டரிடம் கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்னாலேயே கேளுங்கள், தடுப்பூசி அட்டையையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். நான் சொல்லக்கூடியது, 2016-இல் இலங்கையை மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்துவிட்டது, ஆனால் டெங்கு இருக்கிறது, அது பகலில் கடிக்கிற கொசு. அதனால் முழுக்கைச் சட்டை பகலிலும் வேண்டும். கொசுவைவிட நான் பயப்படுவது குரங்குக்கும் நாய்க்கும். தம்புள்ளைக் குகைப் படிகளிலும் பொலநறுவையிலும் குரங்கு உண்டு, அழகர்கோவிலில் பை பிடுங்குகிற அதே சாமர்த்தியம். பிள்ளை கையில் பழமோ பிஸ்கட்டோ இருக்கவே கூடாது. தெருநாய் முகம் பிள்ளையின் முகத்துக்கு நேர் உயரம். கடியோ கீறலோ பட்டால் 15 நிமிஷம் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் கழுவிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரி, ஊருக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சே கிடையாது. பயணக் காப்பீட்டில் குழந்தை பெயரும் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

போவதற்கு முன்னால் ஒரு சனிக்கிழமை காலையில் கீழக்குயில்குடிக்குப் போங்கள். தாமரைக் குளம், ஆலமரம், அய்யனார் கோயில், அங்கிருந்து சமணர் மலைப் படி ஏறிப் பேச்சிப்பள்ளம். கேரியரில் பையனை வைத்து ஏறிப் பாருங்கள். எத்தனை நேரத்தில் உங்கள் தோள் இறங்குகிறது, எத்தனை மணிக்கு அவன் சிணுங்க ஆரம்பிக்கிறான், பாறையில் இருக்கிற தீர்த்தங்கரரை அவன் ஒரு நிமிஷமாவது பார்க்கிறானா என்பது தெரிந்துவிடும். அங்கே ஒன்பது மணிக்குச் சுருண்டுவிட்டான் என்றால் பொலநறுவையிலும் ஒன்பதுதான், திட்டத்தை அதற்குத் தகுந்தபடி போட்டுக்கொள்ளுங்கள்.

காகித வேலையில் மாறாதவை இவை. கைக்குழந்தைக்கும் தனி பாஸ்போர்ட் வேண்டும், அது ஐந்து வருஷத்துக்குத்தான் செல்லும். நாலு வயதுக்குக் கீழே என்பதால் வெள்ளைப் பின்னணியில் எடுத்த போட்டோவை நீங்களே கொண்டுபோக வேண்டும், பெற்றோர் இருவரும் கையெழுத்திட்ட உறுதிமொழிப் படிவம் வேண்டும். எட்டு வயது வரை விண்ணப்பக் கட்டணத்தில் 10 சதவீதம் தள்ளுபடி. மாறிக்கொண்டே இருப்பது விசா. இலங்கை மின்விசா கட்டணத்தை ஒரு வருஷம் வாங்குவார்கள், ஒரு வருஷம் விட்டுவிடுவார்கள், அதனால் யூடியூபில் பார்த்ததை நம்பாமல் அரசு இணையதளத்தைக் கிளம்புகிற மாதத்தில் பாருங்கள், பையனுக்கும் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். பிறப்புச் சான்றிதழ் நகலைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அம்மா விஷயத்துக்கு வருகிறேன். பிள்ளை வளரட்டும் என்கிற அம்மாவையே கூட்டிக்கொண்டு போங்களேன். ஒரு டிக்கெட் கூடும், ஆனால் அதே அறை, அதே வண்டி, சீட்டுகூட ஏறக்குறைய பாதிக் கட்டணம். மூன்றாவது ஆள் இருந்தால் சிகிரியாவில் நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்தே ஏறலாம். சும்மா கூப்பிட்டால் வர மாட்டார்கள். ஹபரணையிலிருந்து இரண்டு மணி நேரத்தில் திருகோணமலை, சம்பந்தர் பாடிய கோணேசுவரம், கடல் மேல் பாறையில் கோயில் என்று சொல்லிப் பாருங்கள். பாஸ்போர்ட் இல்லையென்றால் பையனுக்குப் போடும்போதே அவர்களுக்கும் விண்ணப்பித்துவிடுங்கள், 60 வயது தாண்டியிருந்தால் அவர்களுக்கும் அதே 10 சதவீதத் தள்ளுபடி உண்டு.